எதிர்வளைவு

கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பார்வையாளர்' என்று அச்சடித்திருந்தது. வேலையை விட்டு நாற்பத்தி நாலு வருஷம் கழித்து இந்தக் கேட்டுக்குள் கால் வைத்த ஆறுக்குட்டிக்குக் கம்பெனி கொடுத்த பட்டம் அது. வாட்ச்மேன் பேர் கேட்டான், சொன்னார். எழுத்துக் கூட்டச் சொன்னான், கூட்டினார். இதே கேட்டுக்கு வெளியே எண்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தப் பந்தல் போட்டு உட்கார்ந்தவனின் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போகட்டும். பந்தல் போட்ட இடத்தில் இப்போது பைக் நிறுத்தும் கொட்டகை. கொட்டகைக்கு மேல் சூரியத் தகடு. வெயிலைக்கூட வேலைக்கு எடுத்துக்கொண்டு விட்டான்கள், அதற்குச் சங்கம் கிடையாது. பம்பு சோதிக்கிற ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்த கனகமணி, "இருவது நிமிசம் மாமா. மாட்டி, தண்ணி நெரப்பி, ஓட்டிப் பாத்தர்லாம்" என்றாள். அவள் கையில் அந்த இரும்பு இருந்தது. ஒரு தட்டு அகலத்துக்கு ஓர் இம்பெல்லர், பம்புக்குள் சுழன்று தண்ணீரை வீசுகிற சக்கரம். துரு ஏறிக் கறுத்து, ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழத்திருந்தது. நாற்பது வருஷமாக அவள் அப்பன் பொன்னுரங்கத்தின் வீட்டுக் கதவுக்கு முட்டாகக் கிடந்தது. "பிடிச்சுப் பாருங்க மாமா" என்று நீட்டினாள். "நீயே வெச்சுக்க அம்மிணி, கையெல்லாம் துருவாயிரும்" என்றார். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று உறைத்தது. பதினாறு வருஷம், வார்ப்புக்கு மரத்தில் மாதிரி குடைகிற பேட்டர்ன் ஷாப்பில் தேக்கும் இரும்பும் தின்ற கை. துருவுக்குக் கூசுகிறதாம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முந்தாநாள் போனில் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சங்கத்தின் பொன்விழா மலரில் அவர் எழுதியதைப் படித்தாளாம். "அப்பாவித் தொழிலாளி மீது வீசப்பட்ட பழின்னு எழுதியிருக்கீங்க மாமா. நல்லா இருக்குதுங். ஆனா அந்த இம்பெல்லர் ஏன் தப்பா வந்துச்சுன்னு எழுதவே இல்லீங்களே. எங்கப்பா தப்புப் பண்ணுனாரா, இல்லியா. அது மட்டும் எனக்குத் தெரியணும்." அப்பனை வெளியே தள்ளிய கம்பெனியில் மகள் இன்றைக்கு டெஸ்டிங் பிரிவுக்குத் தலைமை. இதைச் சரணாகதி என்பதா, பழிதீர்த்தல் என்பதா? இரண்டுக்கும் அவரிடம் வாக்கியம் இருந்தது. எதற்குத்தான் அவரிடம் வாக்கியம் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், மீதியெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது, துண்டுப்பிரசுரமாகவே வெளியே வந்தது. உபரி, சுரண்டல், முகத்திரை. வாக்கியம் கையில் இருக்கிறவனுக்கு மௌனமாக இருப்பது சுலபம் என்பதை யாரும் எந்தப் பிரசுரத்திலும் போடவில்லை. நெடுகப் பேசிக்கொண்டே ஒன்றைச் சொல்லாமல் விடலாம். ஊமைக்கு அந்த வசதி கிடையாது.

ஷெட் குளிர்ந்து கிடந்தது. தரைக்குக் கீழே பெரிய தொட்டி. கம்பி வலைக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் அசைந்தது. ஈரச் சிமெண்டு, கிரீஸ், எரிந்த வார்னிஷ். இந்த வாசனைக்கு இன்னும் வயிறு பசித்தது அவருக்கு. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதப்போகிறது என்று வயிறு நினைத்துக்கொண்டது. வயிற்றுக்கு வரலாறு தெரியாது. ஃபிட்டர் ஜெயபாலு, ஐம்பது வயதிருக்கும், பழைய கேசிங் ஒன்றை ஸ்டோரிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருந்தான். நத்தை ஓடு மாதிரியான அந்தக் கூட்டுக்குள் இம்பெல்லரை ஷாப்ட் தண்டில் நுழைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தான். "தோழர், எங்கய்யன் சொல்லும், உங்க பந்தல்ல கஞ்சி ரொம்ப நல்லா இருக்குமாம். வீட்டுல சோறிருந்தாலும் அங்க வந்துதான் குடிக்குமாம்." "உங்கய்யன் எந்த செக்சன்?" "வேலைக்கே போனதில்லீங், கஞ்சிக்கு மட்டும் வரும்." கனகமணி சிரித்தாள். அவரும் உதட்டை இழுத்துக்கொண்டார். எண்பத்து மூன்று நாள் போராட்டத்தில் மிச்சம் இதுதான், கஞ்சி நல்லா இருந்தது. ஜெயபாலு இம்பெல்லரைத் திருப்பிப் பார்த்து, "ஏனுங் மேடம், இது பொறந்ததே தப்பாப் பொறந்திருக்குது. பிளேடு அந்தப் பக்கமில்ல சாயோணும்" என்றான். "அதுக்குத்தான மாட்டச் சொன்னேன்" என்றாள் அவள்.

சாய வேண்டிய பக்கம். தெரியாதவன் எவனும் அதைத் தப்பாகத்தான் சொல்வான். சக்கரம் சுழல்கிற பக்கமாகவே பிளேடு இதழ்கள் வளைந்திருந்தால்தானே தண்ணீரை அள்ளி எறியும் என்பான், அகப்பையை நினைத்துக்கொண்டு. அள்ளக் கூடாது. இதழ் பின்பக்கமாகச் சாய வேண்டும். முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் சாய்ந்து, தண்ணீரைத் தன் முதுகில் வழுக்கிப் போகவிட வேண்டும். அப்போதுதான் கரண்டு குறைவாகத் தின்று நிறையத் தள்ளும். முன்னால் வளைத்தால் தண்ணீர் வராமல் போய்விடாது, அதுதான் இதிலுள்ள பெரிய அயோக்கியத்தனம். வரும். குழாயில் விழும், விவசாயி கும்பிட்டுக்கொள்வான். உள்ளே குழம்பும், மோதும், மோட்டார் தாங்கமாட்டாமல் இழுக்கும், ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து வேப்பங்காய் கசக்கிறது மாதிரி ஒரு வாசனை வந்து கருகும். பல்லடத்திலும் உடுமலையிலுமாக அறுபத்தி நாலு பம்பு போய்ச் சேர்ந்தது. அறுபத்தி நாலில் ஐம்பதுக்கு மேல் கருகியது. இயக்கம்கூட அப்படித்தான் என்று ஒரு காலத்தில் மேடையில் பேசியிருக்கிறார், தப்பாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதைக் காட்டி ஏமாற்றுவார்கள் தலைவர்கள் என்று. கை தட்டினார்கள். தன்னைச் சொல்லவில்லை அப்போது. பிரிந்து போன எதிர்ச் சங்கத்தைச் சொன்னார்.

கம்பெனி அன்றைக்கு நாசவேலை என்றது. அஞ்சு பேரை வேலையைவிட்டு நிறுத்தியது, அதற்குத்தான் அந்தப் பந்தல்; அதில் முதல் ஆள் கோர் ஷாப் பொன்னுரங்கம். இம்பெல்லரின் உட்பக்கம், தண்ணீர் போகிற வழி, முதலில் மணலாகத்தான் பிறக்கிறது. தேக்கு மரத்தில் குடைந்த ஒரு பெட்டி, அதைக் கோர் பாக்ஸ் என்பார்கள். எண்ணெய் கலந்த மணலை அதற்குள் திணித்துத் தட்டி எடுத்தால் உள்வெளியின் உருவம் மணலில் நிற்கும், அதுதான் கோர். அதைச் சுட்டு, கறுப்புக் கிராஃபைட் பூசி, அச்சுக்குள் வைத்து இரும்பை ஊற்றினால், மணல் இருந்த இடம் தண்ணீரின் பாதை. பொன்னுரங்கம் கோரை வேண்டுமென்றே திருப்பி வைத்தான் என்றது கம்பெனி. எவனோ மேலே உட்கார்ந்திருந்தவன் எழுதினான், எவனோ கையெழுத்துப் போட்டான். பொன்னுரங்கம். கறுத்த சின்ன உருவம். கிராஃபைட் ஏறிய விரல், கல்யாணத்தில் சந்தனத்தை எடுத்தாலும் கறுப்பாகத்தான் எடுப்பான். கூட்டத்தில் கடைசி வரிசை. கை தூக்கு என்றால் தூக்குவான். தோழர், தோழர் என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் மூன்றாவது தரம் விஷயத்துக்கு வருவான். தோழர், தோழர், நான்தான் திருப்பி வெச்சுட்டனோ. வேண்டாம். அங்கே போக வேண்டாம். ஜெயபாலு போல்ட்டு முடுக்குவதைப் பார்க்கலாம். எதிரெதிர் போல்ட்டாக முடுக்குகிறான், நல்ல வேலைக்காரன். கஞ்சிக்கு மட்டும் வந்தவனின் மகன்.

படம் வரைகிற டிராயிங் ஆபீஸ் மாடியில் இருந்தது. இரும்புப் படி, பதினாலு. அங்கே சந்தேகம் கேட்கப்போன லேத்து ஆளை ஒரு டிராப்ட்ஸ்மேன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வா என்று சொன்னான், கோயிலா அது. அன்றைக்கு ராத்திரியே சங்கத் தீர்மானம்: இனி தொழிலாளி எவனும் அந்தப் படி ஏறமாட்டான், சந்தேகம் இருந்தால் காகிதத்தில் எழுதிக் கீழே வைப்போம், அவர்கள் இறங்கி வந்து பதில் சொல்லட்டும். தீர்மானத்தை எழுதியவர் ஆறுக்குட்டி. இப்போதும் ஒரு சொல்லை மாற்றமாட்டார் அதில், சரியான தீர்மானம். மூன்று மாசம் கழித்து அந்தப் புதிய பம்பின் படம் வந்தது, வெளிநாட்டுக் கம்பெனிப் படம், அதைப் பார்த்துக் கோர் பாக்ஸ் குடையும் வேலை அவருக்கு. நீலக் காகிதம், அம்மோனியா நாற்றம் மூக்கில் ஏறும். ஒரு சாமானைப் பக்கவாட்டில் நின்று பார்த்து வரைகிற படத்தை நம் ஊர் வழக்கத்தில் காகிதத்தின் ஒரு பக்கம் வைப்பார்கள்; அந்த நாட்டுக்காரன் எதிர்ப்பக்கம் வைப்பான். எந்த வழக்கம் என்று சொல்ல மூலையில் குண்டுமணி அளவுக்கு ஒரு குறி இருக்கும், நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும். குறியைக் கவனிக்காமல் படித்தால் இதழ் சாய்கிற திசை கண்ணாடிக்குள் பார்த்த மாதிரி மாறிப்போகும். அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வந்தது. உளியை வைத்துவிட்டுப் படியைப் பார்த்தார். காகிதத்தில் எழுதினால் பதில் வர நாலு நாள் ஆகும், அதற்குள் வெங்கிட்டு ஆசாரியும் சூசையும் பேசுவார்கள், தலைவருக்கே படம் படிக்கத் தெரியவில்லை என்று. பேட்டர்ன் ஷாப்பில் மூன்று பேர்தான், மூன்று பேருக்கும் தான் ஒருவனே தச்சன் என்று நினைப்பு. பதினாலு படி. ஏறியிருந்தால் நாற்பது நொடி. உளியை எடுத்துக்கொண்டார்.

அதைக்கூட மன்னிக்கலாம். வேலை செய்கிறவன்தான் தப்புச் செய்வான், மேலே இருக்கிறவன் தப்புக் கண்டுபிடிப்பான். மன்னிக்க முடியாதது பந்தலில் நடந்தது. வேலைநிறுத்தத்தின் பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, கம்பெனியின் படத்திலேயே தப்பு என்று பிரசுரம் போடுவதற்காக அந்த நீலக் காகிதத்தை எடுத்து வைத்திருந்தார். கீற்று இடுக்கில் வெயில் இறங்கியது. காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபோது பின்பக்கமாகப் பார்த்தார், வெளிச்சம் ஊடுருவி, இதழ்கள் மறுபக்கம் சாய்ந்தன. மூலையில் கூம்பு, தப்பு படத்தில் இல்லை, தான் படித்ததில்தான். அவ்வளவுதான். சுற்றிலும் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எவனோ பறை அடித்தான், கஞ்சி கொதித்தது. அவர் காகிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். அன்று சாயங்காலம் பிரசுரம் எழுதினார், முதலாளியின் முகத்திரை கிழிந்தது என்று தலைப்பு. அவர் எழுதியதிலேயே சிறந்த பிரசுரம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பொன்விழா மலரில் முழுசாகப் போட்டிருக்கிறான்கள். கம்பெனிக்கு மட்டும் தெரியாதா? பெட்டியைச் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள் அவர்களின் ஆட்கள்தானே. பெட்டியைத் திறந்தால் அவர்கள் மாட்டுவார்கள், திறந்தால் இவரும் மாட்டுவார். இரண்டு பக்கத்துக்கும் பொன்னுரங்கம் வசதியாக இருந்தான். எண்பத்து மூன்றாம் நாள் பேச்சுவார்த்தையில் நாலு பேரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், கோர் மேக்கர் மட்டும் கிடையாது என்றார்கள். அவர் பேனாவைத் திறந்தார். ஆயிரத்து இருநூறு குடும்பம் பட்டினி என்று அன்றைக்கு மேடையில் சொன்னார். பொய்யில்லை. பட்டினிதான். அதுதான் கொடுமை, பொய் இல்லாமலேயே சொல்ல முடிந்தது.

"ஏர் எடுக்கறனுங் மேடம்" என்றான் ஜெயபாலு. கேசிங்கின் தலையில் புனல் வைத்துக் குடத்தால் தண்ணீர் ஊற்றினான். காற்று இருக்கும்வரை பம்பு வெறுமனே சுற்றும், ஒரு சொட்டு ஏறாது. முதலில் அதன் வாயில் நீ தண்ணீர் வைக்க வேண்டும். குமிழி குமிழியாக வந்து அடங்கியது. சுவிட்சு. மோட்டார் முதலில் முனகி, பிறகு உறுமிற்று. குழாய் நுனியில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒரு செருமல், பிறகு தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்தது. நாற்பது வருஷம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு தண்ணீர் தள்ளுகிறது. "பாருங்க மாமா, ஆம்பியர்" என்று கனகமணி கரண்டு மீட்டரின் முள்ளைக் காட்டினாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கேசிங்குக்குள் கூழாங்கல் உருள்கிற சத்தம். தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி முழங்கால் மூட்டில் வந்து உட்கார்ந்தது. சத்தம் அவருக்குத் தெரிந்ததுதான், பொன்னுரங்கத்தின் நெஞ்சில் கேட்டிருக்கிறார்.

அவனைக் கடைசியாகப் பார்த்து எட்டு வருஷம் ஆயிற்று. சின்னச் சின்ன ஃபவுண்டரிகளில் கூலிக்குக் கோர் அடித்து அடித்து நுரையீரல் பூராவும் மணல். போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். ஆடிக் காற்று, கதவு படபடக்காமல் இந்த இரும்பு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் பொன்னுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தோழர், என்றான். தோழர். பிறகு இழுத்து மூச்சு வாங்கி, "நான்தான் திருப்பி வெச்சுட்டனோ" என்றான். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கனகமணி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். இல்லை என்று ஒரு சொல். அந்தச் சொல்லில் பாதியைச் சொல்லியிருந்தாலும் போதும். அவர் சொன்னது, "விடுங்க பொன்னுரங்கம், பழசெல்லாம் எதுக்கு இப்ப." பொன்னுரங்கம் தலையாட்டினான், கூட்டத்தில் கை தூக்குகிற மாதிரியே. விடுங்க பொன்னுரங்கம். ஒன்பது நாளில் போய்விட்டான். மயானத்தில் ஆறுக்குட்டி அரை மணி நேரம் பேசினார்.

இதுவும் போகட்டும், இதற்கெல்லாம் சாட்சி இல்லை. சாட்சி ஒன்றே ஒன்றுதான், அது இப்போது தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுபத்தெட்டிலிருந்து அவர் செய்த கோர் பாக்ஸ் எல்லாவற்றிலும், தண்ணீர் நுழைகிற நடுவாய்க்குப் பக்கத்தில், உளி நுனியால் ஒரு நட்சத்திரம் கீறிவிடுவார். மிளகு அளவு. அஞ்சு கோடு. முதலாளி விற்கிற ஒவ்வொரு பம்பின் வயிற்றுக்குள்ளும் நம்முடைய நட்சத்திரம், எவனுக்கும் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும். வெங்கிட்டு ஆசாரியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த வயதின் கர்வம். கர்வம் என்ன, இன்றைக்கும் அதை நினைத்தால் சுகமாகத்தான் இருக்கிறது. துரு தின்றிருக்கும். நாற்பது வருஷக் கதவு, காற்று, பெருக்குகிற தண்ணீர். தின்றிருக்கும். இருந்தாலும் அந்த ஓரத்தில் இரும்பு கனம், தின்னாமலும் இருந்திருக்கும். தின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறாயா, இருக்க வேண்டும் என்று நினைக்கிறாயா, ஆறுக்குட்டி? அதைச் சொல். எல்லோரிடமும் தெளிவான நிலைப்பாடு கேட்டவனாயிற்றே.

வார்னிஷ் கருகுகிற வாசனை லேசாக வந்ததும் கனகமணி சுவிட்சை அணைத்தாள். குழாயில் நின்ற தண்ணீர் கொளகொளவென்று பின்னால் இறங்கியது. ஜெயபாலு போல்ட்டுகளைக் கழற்றினான். ஈரம் சொட்டச் சொட்ட இம்பெல்லர் கழிவுத்துணியின் மேல் மேஜைக்கு வந்தது. கழுவி விட்டதில் துரு போய் அங்கங்கே சாம்பல் நிறம் தெரிந்தது. ஜெயபாலுவை டீ வாங்க அனுப்பிவிட்டு அவள் ஒரு ஸ்டூலை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். அப்பனின் கறுப்பு, அப்பனின் சின்ன நெற்றி. கண் மட்டும் கடைசி வரிசைக் கண் இல்லை.

"கோர் திரும்பறதுக்கு வழியே இல்லீங் மாமா. ஒரு பக்கம் காடிப் பள்ளம் இருக்குது, தலைகீழா வெச்சா அச்சுக்குள்ள உக்காராது. இத கம்பெனில ஒருத்தருகூட யோசிக்கலியான்னு எனக்கு ஆச்சரியமா இருக்குது. அப்ப பாக்ஸே தப்பு. பேட்டர்ன் ஷாப்புல மூணு பேரு இருந்தீங்க. அந்தப் பாக்ஸ் ஆருங் செஞ்சது?"

வெங்கிட்டு ஆசாரி. பேர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. செத்து இருபத்தாறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை, எதிர்ச் சங்கத்துக்கு ஓடியவன். யாருக்கு நஷ்டம்? எவ்வளவு கச்சிதமான பேர். அவர் வாயைத் திறந்தார். தொட்டியில் கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவள் கண்ணை எடுக்கவில்லை, ஆடிக் காற்றில் ஒருவன் பார்த்த அதே பார்வை, தோழர், தோழர்.

"அதுக்குள்ள விரலை விடு அம்மிணி" என்றார். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "நடு ஓட்டை ஓரத்துல. இடது பக்கம்."

அவள் கையை அசைக்கவில்லை.

"நட்சத்திரமுங்களா?"

ஷெட்டுக்கு வெளியே ஏதோ லாரி பின்னால் வந்து நின்றது. அவருக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை.

"சின்னதுல கதவுகிட்ட உக்காந்து விரல் விட்டு வெளையாடுவனுங். இதென்னப்பான்னு கேட்டேன். செஞ்சவரு வெச்ச அடையாளம்னாரு. ஆருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாரு. அவரே சொல்லுவாரு, அப்பத் தெரிஞ்சுக்கன்னாரு."

"எப்ப?"

"நான் மூணாவதோ நாலாவதோ படிக்கறப்ப."

அறுபத்தி நாலு கோர். ஒவ்வொன்றையும் பொன்னுரங்கம் இரண்டு கையிலும் ஏந்தி, பிரஷ்ஷால் கிராஃபைட் பூசியிருப்பான். மணலில் நட்சத்திரம் மேடாக நிற்கும். பிரஷ் அதன் மேல் ஏறி இறங்கும், அறுபத்தி நாலு தரம். அதற்கு முன்னால் மூன்று வருஷம், எத்தனை ஆயிரம் தரம். கை பார்த்திருக்கும் என்று தனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை? ஏனென்றால் அது கோர் ஷாப் கை. மணல் திணிக்கிற கை. தோழர் என்று கூப்பிட்ட வாய் அந்தக் கையை ஒரு தரம்கூட ஓர் ஆளின் கையாக எண்ணவில்லை. யார் பெட்டி என்று அவன் தெரிந்துகொண்டே பந்தலில் எண்பத்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். தெரிந்துகொண்டே கேட்டுக்கு வெளியே நின்றான். நான்தான் திருப்பி வெச்சுட்டனோ, தோழர்? அது கேள்வியே இல்லை. கதவு. மூச்சு வாங்க முடியாதவன் கடைசியாக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான், இவர் உள்ளே வரட்டும் என்று. விடுங்க பொன்னுரங்கம்.

"நாந்தான் அம்மிணி" என்றார்.

"ம்."

"கோவம் வரலியா உனக்கு?"

"அப்பா இருக்கறப்பச் சொல்லியிருந்தா வந்திருக்குமுங்" என்றாள். எழுந்து, இம்பெல்லரைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்து அவர் மடியில் வைத்தாள். கனம் தொடையை அழுத்தியது. "இத நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க மாமா. எங்க வீட்டுக் கதவு மாத்தியாச்சு. இனி முட்டுத் தேவையில்ல."

டீ வந்தபோது அவர் கிளம்பியிருந்தார். கேட்டில் வாட்ச்மேன் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டு மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளேயிருந்து இரும்பு வெளியே போவதென்றால் சீட்டு எழுத வேண்டும், அது இன்றும் மாறவில்லை. நோட்டைத் திருப்பி, பேனாவை உதறி, "என்ன சாமானுங்?" என்று கேட்டான்.

"தப்பாப் போன இம்பெல்லர் ஒண்ணு."

"ஆருதுன்னு போடறதுங்?"

"என்னுது" என்றார். அவன் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஆறுக்குட்டி ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிச் சொன்னார்.